செங்குவாங் கிழங்கு: விதை ஊன்றுவது முதல் பொப்பியா சுருட்டுவது வரை

மலேசியாவின் பினாங்கில் பொப்பியா என்னும் அப்பச் சுருளை விற்கும் எந்தத் தள்ளுவண்டியின் முன் நின்றாலும், விற்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய பாத்திரம் மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதனுள் பழுப்பேறி நூல் நூலாகக் கிடப்பது முட்டைக்கோசும் அன்று, முள்ளங்கியும் அன்று. கடைக்காரரைக் கேட்டால் ஹொக்கியன் மொழியில் ‘பாங் குவாங்’ என்பார். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரர் ‘செங்குவாங்’ என்பார். ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் இருவருமே ‘டர்னிப்’ என்று தவறாகச் சொல்லிவிடுவார்கள். டர்னிப் கடுகுக் குடும்பத்துப் பயிர். செங்குவாங்கோ அவரைக்கும் காராமணிக்கும் உறவான ஒரு வெப்பமண்டலக் கொடியின் வேர்.

இந்தக் கிழங்கைச் சமைத்துப் பார்த்துவிட்டு, ‘சுவையே இல்லை, வெறும் தண்ணீர்’ என்று கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: உருளைக்கிழங்கை வேகவைப்பதுபோல் கால் மணி நேரம் வேகவைத்து இறக்கிவிடுகிறார்கள். செங்குவாங்குக்கு இரண்டு நல்ல நிலைகள் மட்டுமே உண்டு. நெருப்பைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, கடித்தால் நொறுங்கும்படி உண்பது ஒன்று. ஒரு மணி நேரம் வரை சிறு தீயில் வைத்து, உள்ளிருக்கும் நீர் வற்றி இனிப்பு ஏறும்வரை காத்திருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் நொறுங்கலும் போயிருக்கும், இனிப்பும் வந்திருக்காது. தென்சீனச் சமையலறைகள் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியே கையாளுகின்றன. விதைப்பது, தோண்டுவது, தோலுரிப்பது எல்லாவற்றையும் கடந்து நாம் போய்ச் சேரவேண்டிய இடமும் அதுவே.

பெயரும் வந்த வழியும்

இக்கொடியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தாவரவியலார் இதைப் பாக்கிரைசஸ் எரோசஸ் என்கிறார்கள்; முற்பகுதிக்குத் ‘தடித்த வேர்’ என்பது கிரேக்கப் பொருள். ஆஸ்தெக்குகளின் நாவாட்ல் மொழியிலிருந்த பெயர் ஸ்பானியர் வாயில் ‘ஹிகாமா’ ஆயிற்று. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் இது பசிபிக்கைக் கடந்தது. பிலிப்பைன்ஸில் இன்றும் இதன் பெயர் ‘சிங்கமாஸ்’. பழைய நாவாட்ல் ஒலி அதில் இன்னும் கேட்கிறது. அங்கிருந்து தென்சீனத்துக்கும் மலாய்த் தீவுகளுக்கும் பரவிற்று.

சீனத்தில் இதற்கு ஒரே பெயர் இல்லை என்பதைச் சந்தைக்குப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது. நூல்களில் ‘தோவ் ஷூ’, அதாவது அவரைக்கிழங்கு. குவாங்டோங்கில் ‘சா கோட்’. ஹூனானில் ‘லியாங் ஷூ’, குளிர்ந்த கிழங்கு. சிச்சுவானில் ‘தீ குவா’ என்பார்கள். அதே சொல் சீனத்தின் வேறு பல பகுதிகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குறிக்கும். எனவே ஒரு சீனச் சமையல் குறிப்பில் ‘தீ குவா’ என்று கண்டால், எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்த பிறகே கிழங்கை வாங்குங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. குவாங்டோங் பகுதியினரான கண்டோனியர் ‘ஃபன் கோட்’ என்று வேறொரு கிழங்கையும் விற்கிறார்கள். அது குட்ஸு இனத்தைச் சேர்ந்தது; அவரைக் குடும்பத்துக் கொடிதான் என்றாலும், அதன் வேர் மாவும் நாருமாக இருக்கும். அதை மீனோடும் சிவப்புப் பயறோடும் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சூப்பாக்குவார்கள். பச்சையாகக் கடித்தால் பல்தான் நோகும். நீண்டு, கட்டைபோல் மண்ணப்பிக் கிடப்பது ஃபன் கோட். பம்பரம்போல் திரண்டு, வெளிர்பழுப்புத் தோலுடன் இருப்பது செங்குவாங்.

இந்தியாவுக்கும் இக்கிழங்கு புதியதன்று. வங்காளத்தில் ‘சாங்காலு’ என்ற பெயரில், சரஸ்வதி பூசையின் பழத்தட்டில் நறுக்கி வைக்கிறார்கள். சங்குக் கிழங்கு என்று பொருள். பீகாரில் ‘மிஸ்ரிகந்த்’, கற்கண்டுக் கிழங்கு. தமிழில் இதற்கெனப் பரவலாக வழங்கும் பெயர் எதுவும் இல்லாததால், மலேசியத் தமிழர் நாவில் பழகிய செங்குவாங் என்ற சொல்லையே இங்கே ஆள்கிறேன்.

விதைக்குமுன் அறியவேண்டிய ஓர் எச்சரிக்கை

இதன் காய் அவரைக்காய் போலவே இருக்கும். முற்றிய விதை, சமைக்கத் தூண்டும் பயறுபோல் இருக்கும். இரண்டையும் உண்ணக் கூடாது. முற்றிய விதையில் ரோட்டினோன் என்னும் நஞ்சு உண்டு. உடலின் உயிரணுக்கள் ஆற்றலை உண்டாக்கும் வழியையே அது அடைத்துவிடும். பூச்சிக்கொல்லியாகவும், நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கவும் மனிதர் பயன்படுத்திய பொருள் அது. வேகவைத்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்று நம்பவேண்டாம். விதையைப் பயறென்று கருதிச் சமைத்து உண்டவர்கள் நஞ்சேறி மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் தாய்லாந்திலும் தைவானிலும் பதிவாகியுள்ளன. இலையும் தண்டும்கூட உணவல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். சில நாடுகளில் மிக இளம் காய்களை உண்பதுண்டு என்றாலும், எது இளசு, எது முற்றல் என்ற கணக்கில் பிழை நேர்ந்தால் விளைவு பெரிது என்பதால் அந்தப் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தோலுரித்த கிழங்கு மட்டுமே உணவு. வீட்டில் குழந்தைகள் இருந்தால், கொடியை நடுமுன்பே இதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

எப்போது விதைப்பது

செங்குவாங் கொடியை வளர்ப்பது எளிது; கிழங்கு வைக்கச் செய்வதில்தான் கவனம் வேண்டும். இக்கொடி பகலின் நீளத்தை அளக்கிறது. பகல் பொழுது நீண்டிருக்கும்வரை இலையும் தண்டுமாகப் பரவிக்கொண்டே போகும். பகல் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குக் குறையத் தொடங்கும்போதுதான் வேரில் உணவைச் சேர்க்க முனையும். இதை அறியாமல் தவறான பருவத்தில் விதைத்துவிட்டு, ‘பந்தல் நிறையக் கொடி, தோண்டினால் விரல்தடி வேர்’ என்று வருந்துவோர் உண்டு.

குவாங்டோங் உழவர்கள் இதனால்தான் இளவேனிலில் விதைத்து, நீண்ட கோடைப்பகலில் கொடியை வளரவிட்டு, பகல் சுருங்கும் இலையுதிர் காலத்தில் தோண்டுகிறார்கள். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுதும் பகல் 12 மணியை ஒட்டியே இருக்கும். அங்கே மழையைப் பார்த்து விதைத்தால் போதும். பீகாரிலும் வங்காளத்திலும் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையே விதைத்து, டிசம்பர் முதல் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ முயல்பவர்களுக்கும் இந்த வட இந்தியக் கணக்கே பொருந்தும்: ஆடியிலோ ஆவணியிலோ விதைத்தால், பகல் மிகக் குறுகியிருக்கும் மார்கழியில் கிழங்கு பருக்கும், தை, மாசியில் தோண்டலாம். இடையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் என்பதால், வடிகால் அமைத்த மேட்டுப்பாத்தி இல்லாமல் இம்முயற்சியில் இறங்காதீர்கள்.

மண்ணும் விதைப்பும்

மணல் கலந்த, பொலபொலப்பான மண் வேண்டும். களிமண்ணில் கிழங்கு கோணிப்போகும், நீர் தேங்கினால் அழுகும். ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திக் கல்லையும் கட்டியையும் நீக்கிவிட்டு, நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலந்து, ஒரு சாண் உயரத்துக்குப் பார் அணையுங்கள். மக்காத சாணம் வேண்டாம். பயறுவகைச் செடிகளைப் போலவே இதன் வேரிலும் முடிச்சுகள் உண்டாகி, அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. அதற்குமேல் நாமும் யூரியாவை அள்ளிப் போட்டால் கொடிதான் கொழுக்கும். சாம்பல் சத்துக்கு அடுப்புச் சாம்பலைச் சிறிது தூவலாம்.

விதையை ஓர் இரவு முழுதும் நீரில் ஊறவையுங்கள். மறுநாள் பருத்திருப்பவற்றை மட்டும் எடுத்து, இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். இடைவெளியைத் தீர்மானிப்பது நீங்கள் விரும்பும் கிழங்கின் அளவு. 15 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்று நெருக்கினால் கைப்பிடி அளவுக் கிழங்குகள் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் விட்டால் பெரிதாகும். சிறு குடும்பத்துக்கு நெருக்கமான நடவே வசதி, ஏனெனில் ஒருமுறை நறுக்கிய கிழங்கை அன்றே தீர்த்துவிடலாம். விதை முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். மண் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

மாடித் தோட்டத்தில் வளர்ப்போர் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள பைகளைத் தேர்ந்தெடுத்து, பைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு செடிகளோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். நான் முதன்முறை ஆசையில் ஒரே பையில் ஐந்து விதை ஊன்றி, ஐந்து மாதம் காத்திருந்து, எலுமிச்சை அளவில் ஐந்து கிழங்குகளை எடுத்தேன்.

கொடி நான்கைந்து மீட்டர் வரை நீளக்கூடியது. புடலைக்குப் போடுவதுபோல் பெரிய பந்தல் தேவையில்லை. ஆளுயரக் கழிகளை நட்டு, மேலே ஒரு கயிறு கட்டினால் போதும். வயல்களில் கொடியைத் தரையில் படரவிட்டு, நுனியைக் கிள்ளிக் கட்டுப்படுத்துவதும் உண்டு. நீர்ப்பாய்ச்சலில் ஒழுங்கு வேண்டும்: ஒரு வாரம் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடித்துவிடும்.

பூவைக் கிள்ளுங்கள்

ஊதாவாகவோ வெண்மையாகவோ பூங்கொத்துகள் எழும்பும்போது கொடி மிக அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்காமல் பூக்கொத்துகளை மொட்டிலேயே கிள்ளி எறியவேண்டும். பூவைக் காயாக விட்டால், வேருக்கு இறங்கவேண்டிய உணவு விதைக்கு ஏறிவிடும். பீகார் உழவர்களும் மெக்சிகோ உழவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே கடைப்பிடிக்கும் வேலை இது. செய்த பாத்திக்கும் செய்யாத பாத்திக்கும் விளைச்சலில் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பூக்கும் பருவம் முழுதும் வாரம் ஒருமுறை சுற்றிவந்து கிள்ளுங்கள். விதைக்கென ஒரே ஒரு கொடியை மட்டும் விட்டுவைத்து, அதற்கு அடையாளமாக ஒரு துணி கட்டிவிடுங்கள்.

தோண்டுதலும் வைத்திருத்தலும்

விதைத்த நான்காம், ஐந்தாம் மாதத்தில் ஒரு செடியின் அடிமண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். கிழங்கின் தலை கைமுஷ்டி அளவுக்கு இருந்தால் எடுக்கலாம். பெரிதாகட்டும் என்று மேலும் பல வாரம் விட்டுவைப்பது பேராசை. முற்றிய கிழங்கில் நாரும் மாவும் மிகுந்து, இனிப்பு குறையும். தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே நீர்ப்பாய்ச்சலை நிறுத்துங்கள். கடப்பாரையைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணை நெம்பித் தளர்த்திய பிறகு கையால் தூக்குங்கள். இதன் தோல் மெல்லியது. கீறல் பட்ட இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். காயம்பட்டவற்றைத் தனியே ஒதுக்கி முதலில் சமைத்துவிடுங்கள்.

கழுவாமல், மண்ணைத் தட்டிவிட்டு, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, காற்றோட்டமான கூடையில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். இங்கே பலர் செய்யும் பிழை, முழுக்கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது. இது வெப்பமண்டலத்துப் பிறவி. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் உட்சதை பழுப்பேறி நொறுங்கல் தன்மையை இழந்துவிடும். 12 முதல் 15 டிகிரி வரை அதற்கு உகந்த வெப்பநிலை. நறுக்கிய துண்டுகள் என்றால் பெட்டியில்தான் வைக்கவேண்டும். மூடிய டப்பாவில் நீரில் மூழ்கவைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கடையில் வாங்குவோருக்கு

கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியவேண்டும். கனம் என்றால் உள்ளே நீர் இருக்கிறது. தோல் இறுக்கமாக, மெல்லிய பளபளப்புடன் இருக்கவேண்டும், சுருங்கியிருந்தால் பழையது. நகத்தால் இலேசாகக் கீறினால் உடனே ஈரம் கசியவேண்டும். அரைக்கிலோவை ஒட்டிய நடுத்தர அளவே சிறந்தது. ஆள்தலை அளவுக் கிழங்கை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தோலும் கத்தியும்

தலையையும் வாலையும் வெட்டிவிட்டு, தலைப்பக்கம் கத்திமுனையைத் தோலுக்கடியில் நுழைத்து, கட்டைவிரலால் பற்றிக் கீழ்நோக்கி இழுத்தால், வாழைநார் உரிவதுபோல் தோல் பட்டைபட்டையாக வந்துவிடும். உருளைக்கிழங்குத் தோல்சீவி இதற்கு உதவாது. அது மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டு அதனடியில் ஒட்டியுள்ள நார்ப்படலத்தை விட்டுவிடும். அந்தப் படலமும் போகவேண்டும். சதை ஆப்பிளைப்போல் விரைவில் கறுத்துவிடாது என்பதால் அவசரப்படாமல் நறுக்கலாம்.

நறுக்கும் வடிவம் சமையலைத் தீர்மானிக்கிறது. விரைந்து வதக்குவதற்கு மெல்லிய வில்லைகள், பொப்பியாவுக்குத் தீக்குச்சி, கொழுக்கட்டைப் பூரணத்துக்கும் இறைச்சி உருண்டைக்கும் பொடித்துண்டு. பொப்பியாவுக்குத் துருவியில் துருவலாமா என்று கேட்பார்கள். துருவினால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் இழைகள் கசங்கி, சாறு முழுதும் முதலிலேயே வெளியேறி, கடைசியில் கூழ்போல் ஆகிவிடும். பினாங்கின் நோன்யா வீட்டு, அதாவது மலாய் வழக்கங்கள் கலந்த சீன மரபுக் குடும்பத்து, மூத்த பெண்கள் கத்தியை விட்டுக்கொடுக்க மறுப்பதற்குக் காரணம் பழைமைப் பிடிவாதம் மட்டுமன்று. கத்தியால் வெட்டிய குச்சி ஒரு மணி நேரம் வெந்த பிறகும் குச்சியாகவே இருக்கும்.

முதல் நிலை: நொறுங்கும்படி

எளிய வழியில் தொடங்குவோம். ஹூனான் பாணியில் ஒரு வதக்கல்: 300 கிராம் கிழங்கை மெல்லிய வில்லைகளாக்கிக்கொள்ளுங்கள். மூன்று பச்சைமிளகாயும் நான்கு பல் பூண்டும் எடுத்துக்கொண்டு, விரும்பினால் 100 கிராம் இறைச்சியை மெல்லிய துண்டாக்கிச் சோயாச் சாற்றில் பிசிறி வையுங்கள். வாணலி புகையும் அளவுக்குக் காய்ந்த பிறகே எண்ணெயை ஊற்றவேண்டும். இறைச்சியை முக்கால் பதத்துக்கு வதக்கித் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பூண்டையும் மிளகாயையும் போட்டு, மணம் எழுந்தவுடன் கிழங்கைக் கொட்டி, தீயைக் குறைக்காமல் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். இறைச்சியைத் திருப்பிச் சேர்த்து, உப்பை இறுதியில் தூவி, இன்னும் அரை நிமிடத்தில் இறக்கிவிடவேண்டும். உப்பை முதலில் போட்டால் கிழங்கு நீர் விட்டு, வதக்கல் கொதியலாக மாறிவிடும். மூடி போடவே கூடாது.

டப்பாவில் அடைத்து வரும் வாட்டர் செஸ்ட்நட், சீனர் ‘மா தீ’ என்பது, கிடைக்காத இடங்களில் அதற்கு ஈடாக இதைச் சேர்க்கலாம். பொடியாக நறுக்கி, இறைச்சி உருண்டையிலோ இறாலை மடித்த வான்டனிலோ பிசைந்தால், மென்மைக்கு நடுவே பல்லில் நொறுங்கும். மா தீ கொதிக்கும் சூப்பில் நெடுநேரம் கிடந்தாலும் நொறுங்கல் போகாது. செங்குவாங்குக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே சூப்பில் இடும்போது கடைசி இரண்டு நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பே இல்லாமலும் உண்ணலாம். சிச்சுவானில் தோலுரித்துப் பழம்போல் கடிக்கிறார்கள். மெக்சிகோவில் எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தெருவில் விற்கிறார்கள்; நம் கடற்கரை மாங்காய்க்கு உடன்பிறப்பு என்று சொல்லலாம். மலேசியாவில் பழ ரோஜாக் என்னும் கலவையில் வெள்ளரி, அன்னாசியோடு இதுவும் சேர்ந்து, கறுத்த இறால் விழுதுச் சாற்றில் புரளும். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் விற்கும் பசெம்பூரிலோ, பொரித்த இறால் வடையும் தோஃபுவும் உருளையும் அடுக்கிய தட்டின்மேல் வெள்ளரியும் செங்குவாங்கும் துருவலாகக் குவிந்து, இனிப்பும் உறைப்புமான கெட்டிச் சாற்றைத் தாங்கி நிற்கும். சாற்றின் கனத்தை இறக்கிவைக்கும் வேலை அந்தத் துருவலுடையது.

இரண்டாம் நிலை: பொப்பியா

புஜியான் மாநிலத்து ஹொக்கியன் மக்கள் இளவேனிலில் உண்ணும் மெல்லிய அப்பச் சுருளே பொப்பியா. அவர்கள் ஊரில் உள்ளே வைப்பது மூங்கில் குருத்து, முட்டைக்கோசு, கேரட் போன்றவை. மலாயாவுக்குக் குடியேறியவர்கள் கைக்கருகே கிடைத்த செங்குவாங்கை நடுவில் வைத்தார்கள். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பூரணத்தின் பெரும்பகுதி இதுதான்.

ஏறத்தாழ இருபது சுருளுக்கு ஒரு கிலோ கிழங்கு, ஒரு பெரிய கேரட், கெட்டியான தோஃபு இரண்டு துண்டு, உலர் இறால் ஒரு கைப்பிடி, எட்டுப் பல் பூண்டு, ஆறு சின்ன வெங்காயம், தாவ்சியோ எனப்படும் நொதித்த சோயா விழுது ஒரு மேசைக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவை வேண்டும். உலர் இறாலை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து நசுக்குங்கள். ஊறிய நீரைக் கொட்டாதீர்கள்.

கனமான அடியுள்ள பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, தோஃபுவைக் குச்சிகளாக்கிப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இறால் ஆகியவற்றை அந்த வரிசையில் போட்டு வதக்கி, இறால் வாசம் வீட்டை நிறைத்தபின் தாவ்சியோவைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். அது அடியில் பிடிக்கும், கையை எடுக்கக் கூடாது. இப்போது கிழங்கும் கேரட்டும் உள்ளே போகவேண்டும். முதல் பத்து நிமிடம் நடுத்தரத் தீ; கிழங்கு தன் நீரை விடத் தொடங்கும். பிறகு இறால் ஊறிய நீரையும் ஒரு குவளைத் தண்ணீரையும் ஊற்றி, தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். கால் மணிக்கொருமுறை அடிவரை புரட்டுங்கள். இருபதாம் நிமிடத்தில் சுவைத்தால் ஏமாற்றமாக இருக்கும்; நான் முதலில் சொன்ன அந்த ‘வெறும் தண்ணீர்’ நிலை அதுவே. பொறுத்திருங்கள். நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெண்மை மாறிப் பழுப்பேறும், குச்சி வளையும், சாறு குறுகி இனிக்கும். அப்போதுதான் உப்பைப் பார்க்கவேண்டும், ஏனெனில் தாவ்சியோவின் உப்பு சாறு வற்றும்போது கூடிக்கொண்டே வரும். தோஃபுவையும் மிளகுத்தூளையும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள்.

சுருட்டுவதற்கு அரைமணி நேரத்துக்குமுன் பூரணத்தை வடிகூடையில் கொட்டி, வழியும் சாற்றைக் கீழே ஒரு கிண்ணத்தில் பிடித்துவையுங்கள். வடிக்காமல் சுருட்டினால் அப்பம் கையிலேயே கிழியும். அப்பத்தைச் சந்தையில் வாங்கிக்கொள்வதே அறிவுடைமை. இழுவிசை மிக்க மாவுருண்டையைச் சூடான கல்லில் ஒருமுறை தேய்த்து எடுக்கும் அந்தக் கைத்திறனுக்கு ஆண்டுகள் வேண்டும். அப்பத்தை விரித்து, ஒரு சாலட் இலையை முதலில் வையுங்கள். ஈரத்தைத் தடுக்கும் தடுப்பு அது. இலையின்மேல் இனிப்புச் சாறும் மிளகாய் விழுதும் தடவி, இரண்டு மேசைக்கரண்டி பூரணம், வெந்நீர் காட்டிய முளைகட்டிய பயறு, முட்டை ஆம்லெட் கீற்று, பொடித்த நிலக்கடலை, பொரித்த வெங்காயம் ஆகியவற்றை அடுக்கி, இரு பக்கத்தையும் மடித்து இறுகச் சுருட்டுங்கள். நறுக்கித் தட்டில் வைத்தபின், பினாங்கு வழக்கப்படி, பிடித்துவைத்த சாற்றில் ஒரு கரண்டியை மேலே ஊற்றலாம். அப்படி ஊற்றினால் கையால் எடுத்து உண்ண முடியாது, கரண்டி வேண்டும். உலர்ந்ததா, நனைந்ததா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு நடக்கிறது. நான் நனைந்ததன் பக்கம்.

இதே பூரணத்தை மறுநாள் பொரித்த சிறு கிண்ணங்களில் நிரப்பினால் குவே பை தீ. அரிசிமாவுத் தோலில் மடித்து ஆவியில் வேகவைத்தால் சாய் குவே. கொழுக்கட்டைக்கு வைக்கும் பூரணம் முற்றிலும் உலர்ந்து ஆறியிருக்கவேண்டும். உலர்ந்த கணவாய்க் கீற்றும் காளானும் சேர்த்து, இறுதியில் சாறே இல்லாமல் வதக்கினால் அது பினாங்கு நோன்யாக்கள் சீனப் புத்தாண்டுக்குச் செய்யும் ஜியு ஹு சார். அதை இலையில் பொதிந்து, இறால் விழுதும் மிளகாயும் சேர்ந்த சம்பல் பெலாச்சானோடு உண்பார்கள்.

சத்தைப் பற்றிக் கேட்போருக்குச் சுருக்கமாக: 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 90 கிராம் நீர்தான். 38 கலோரி, 5 கிராமை ஒட்டிய நார்ச்சத்து, 20 மில்லிகிராம் வைட்டமின் சி. பெயரில் கிழங்கு என்றிருந்தாலும், தட்டில் இதற்குக் காய்கறியின் இடத்தையே கொடுக்கவேண்டும், சோற்றுக்கு ஈடாகாது.

அடுத்த பருவத்து விதை

துணி கட்டி விட்டுவைத்த கொடியில் காய்கள் பழுப்பேறி உலர்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்வரை காத்திருங்கள். காய்களைக் கையுறை அணிந்து உரித்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். அகன்று சற்றே சதுரமான, பழுப்பு நிற விதைகள் அவை. விதை இந்தியாவில் வாங்க விரும்புவோர் பீகாரில் உருவாக்கப்பட்ட ‘ராஜேந்திர மிஸ்ரிகந்த்-1’ என்ற இரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் எடுத்ததோ, வாங்கியதோ, விதையை இறுக மூடும் டப்பாவில் இட்டு, கொடியின் பெயரையும் ‘உண்ணக் கூடாது’ என்பதையும் பெரிய எழுத்தில் ஒட்டி, சமையலறைப் பயறு டப்பாக்கள் இருக்கும் பக்கமே கொண்டுபோகாமல், மண்வெட்டியும் தூவாளியும் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.